பெட்டியில் அரிஸ்டா, உள்ளே யார்?

கேள்வி: கருப்பு வெள்ளை பிலிமில் படமெடுக்கத் தொடங்கியிருக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸின் ஃப்ரீஸ்டைல் கடை விற்கும் ‘அரிஸ்டா’ பிலிம் மலிவாக இருக்கிறது. கேள்விப்படாத பெயர். நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். அரிஸ்டா என்று ஒரு தொழிற்சாலை கிடையாது. அது அந்தக் கடை தன் சரக்குக்கு வைத்த பெயர். அரிஸ்டா இடியூ அல்ட்ரா பிலிமைச் செய்து தருவது செக் நாட்டின் ஃபோமா நிறுவனம், 1921 முதல் இயங்குவது. ஃபோமா தன் பெயரில் விற்கும் ஃபோமாபான் 100, 200, 400 (எண்கள் பிலிமின் ஒளியுணர்வு வேகம்) மூன்றும்தான் வேறு பெட்டியில் வருகின்றன. அதனால் டெவலப் செய்யும் நேரத்துக்கு ஃபோமாபான் அட்டவணையையே பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஷட்டரை ஒரு நொடிக்கு மேல் திறந்து வைக்கும் இரவுப் படங்களுக்கு, ஒளியை அளக்கும் மீட்டர் காட்டுவதைவிட நன்றாகவே கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

ஃப்ரீஸ்டைல் 1946இல் தொடங்கிய கடை. இருட்டறைச் சாமான் விற்றவர்களுக்கு 2004, 2005 மிக மோசமான ஆண்டுகள். முதலில் பிரிட்டனில் பிலிமும் பேப்பரும் தயாரித்த இல்ஃபோர்ட் திவால் நடவடிக்கைக்குள் போனது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் பிலிம் நிறுவனமான ஆக்ஃபாபோட்டோ வீழ்ந்தது. கோடக் கருப்பு வெள்ளை பேப்பர் தயாரிப்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. இல்ஃபோர்டை அதன் நிர்வாகிகளே வாங்கி ஹார்மன் என்ற பெயரில் காப்பாற்றினார்கள். அந்த நாட்களில் பல கடைகள் டிஜிட்டல் பக்கம் சாய்ந்தன. ஃப்ரீஸ்டைல் போல பிலிமைக் கைவிடாமல் நின்ற கடைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மாணவர்கள் இன்றும் இருட்டறையில் கற்க முடிகிறதென்றால் அந்தக் கடைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கடையின் சொந்தப் பெயரில் வாங்குபவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் ஆலை மூடினால் கடை வேறு ஆலையிடம் வாங்கி அதே பெயரில் விற்கலாம். பல வருடம் முந்தைய அரிஸ்டாவும் இன்றைய அரிஸ்டாவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய சரக்கு கிடைத்தால் ‘அரிஸ்டா’ என்பதோடு நிற்காமல் முழுப் பெயரையும், எந்த நாட்டில் தயாரானது என்பதையும் படியுங்கள்.

கேள்வி: பழைய போட்டோ பேப்பர் பாதிப் பெட்டி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: விற்பவர் ஒரு தாளைச் சோதிக்கச் சம்மதித்தால் மட்டும் வாங்குங்கள். பேப்பருக்கான பாதுகாப்பு விளக்கில் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை நேராக ஃபிக்ஸரில் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) போடுங்கள். மற்றதை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) முழு நேரம் வைத்து, பிறகு ஃபிக்ஸருக்கு மாற்றுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வெண்மை என்றால் நல்ல பேப்பர். டெவலப் செய்த பாதி சாம்பல் பூத்திருந்தால் பேப்பர் மூட்டம் போட்டுவிட்டது. லேசான சாம்பல் என்றால் டெவலப்பரில் மூட்டத்தை அடக்கும் ரசாயனமான பென்சோட்ரையசோலைக் கொஞ்சம் சேர்த்துச் சமாளிக்கலாம். அதிகமென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.