பழைய உணவகத்தின் நியான் பெயர்ப்பலகையைத் தெருக்காரர்களே சேர்ந்து மீட்க முடியுமா? புதிதாக ஒன்று செய்து மாட்டிவிடுவது நல்லதா?

முடியும். இப்படி ஒரு பலகையை மீட்ட குழுவில் நான் இருந்திருக்கிறேன். எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. புதிதாக மாட்டுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. எழுத்து, நிறம், அளவு எல்லாம் அச்சு அசலாக வந்தாலும் அது வேறு பலகை. இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற தகரம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அதைக் காப்பாற்றத்தான் பார்க்க வேண்டும்.

பணம் எப்படித் திரட்டுவது என்பதைப் பிறகு யோசிக்கலாம். முதலில், உப்புத்தாளையும் பெயிண்ட் டப்பாவையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். ஆர்வம் தாங்காமல் முதல் வாரமே துருப்பிடித்த ஒரு மூலையைத் தேய்த்துவிட்டோம். அடுத்த வாரம் எதிர் மூலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அழுக்குக்கு அடியிலிருந்து ஒரு தங்க நிறக் கோடு வந்தது. அரை விரல் அகலம், பலகையின் ஓரத்தோடு ஓடி, மூலையில் சின்னதாக ஒரு சுழி. அப்படி ஒன்று இருந்தது அந்தத் தெருவில் யாருக்கும் நினைவில்லை. நாங்கள் தேய்த்த மூலையில் அந்தச் சுழி போயே போய்விட்டது. இன்றும் அந்த இடத்தைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும், குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல்.

அடுத்து, பலகை எதனால் ஆனது என்று பாருங்கள். எனாமல் பலகை என்றால், கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் படியவைத்திருப்பார்கள். அது லேசில் வெளுக்காது. போல்ட் ஓட்டையைச் சுற்றிச் சில்லு பெயரும், பெரும்பாலும் அங்கிருந்துதான் துரு கிளம்பும். அதன் மேல் பெயிண்ட் அடிப்பது வீண் வேலை, பதமாகக் கழுவினாலே பாதி மீண்டுவிடும். கையால் எழுதிய பெயிண்ட் என்றால் வெயில் பட்ட பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டும். எங்களுடையது இந்த வகை.

தெருக்காரர்கள் இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை ஒன்று உண்டு: பலகை முதலில் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்பது. வீட்டு ஆல்பங்களைத் தேடச் சொன்னோம். யாரோ ஒரு பையன் சைக்கிளோடு நிற்பான், அவன் தலைக்கு மேல் பலகையின் பாதி தெரியும். இன்னொரு படத்தில் மீதிப் பாதி. அப்படித்தான் சேர்த்தோம். ஆனால் எல்லாக் கறுப்பு வெள்ளைப் படங்களிலும் எழுத்து கன்னங்கரேல் என்று இருந்தது. பெரியவர்கள் சிலர் சிவப்பு என்றே சாதித்தார்கள், நாங்கள் நம்பவில்லை. கடைசியில் நியான் குழாயைத் தாங்கும் கிளிப் ஒன்றைக் கழற்றியபோது, அதன் அடியில் காசு அளவு இடத்தில் வெளுக்காத சிவப்பு இருந்தது. பழைய ஃபிலிம்களில் ஒரு வகைக்குச் சிவப்பு ஒளி உறைக்காது, சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் படத்தை நம்பி நிறம் முடிவு செய்யாதீர்கள். வெயில் படாத மறைவிடங்களைப் பாருங்கள்.

சரி, நியான். 1898இல் ராம்சே, டிராவர்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வாயு அது. 1910 டிசம்பரில் ஜார்ஜ் கிளாட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸில் அதைக் குழாயில் அடைத்து எரியவிட்டுக் காட்டினார். நியான் தருவது ஆரஞ்சு கலந்த சிவப்பு மட்டும்தான். நீலத்துக்கு ஆர்கான் வாயுவோடு துளி பாதரசம் சேர்ப்பார்கள். மற்ற நிறங்கள் கண்ணாடியின் நிறத்தாலும் உட்பூச்சாலும் வருபவை. ஆகவே உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். நிறமில்லாத வெறும் கண்ணாடியாக இருந்தால் அநேகமாக நியான் சிவப்பு. உள்ளே வெள்ளைப் பூச்சு இருந்தால் பாதரசமும் இருந்திருக்கலாம், வெறுங்கையால் தொட வேண்டாம். குழாயைக் கழற்றும் முன் ஒரு பெரிய தாளை வைத்து அதன் வளைவுகளை உள்ளது உள்ளபடி நகலெடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி வளைப்பவர் அந்தத் தாளை வைத்துத்தான் நெருப்பில் காட்டிக் காட்டிக் கையால் வளைப்பார்.

ஒரே குழாய் இரண்டு மூன்று எழுத்துகளாக ஓடும் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள பகுதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்து ஒளியை மறைத்திருப்பார்கள். அது உரிந்துபோன பலகைகளில்தான் பெயர் குழம்பித் தெரியும். எல்லாக் குழாயையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பலகையில் பாதிக்கு மேல் பழைய குழாய்களே மறுபடி எரிந்தன.

நியானுக்குப் பதில் எல்.இ.டி. பட்டை ஒட்டலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். மின்சாரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் பட்டையின் ஒளி பெரும்பாலும் முன்பக்கம்தான் போகும். கண்ணாடிக் குழாய் சுற்றிலும் ஒளிரும், பின்னால் இருக்கும் பெயிண்ட் எழுத்தும் அந்த வெளிச்சத்தில் சேர்ந்து சிவக்கும். அந்த அழகு பட்டையில் வராது.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் யாரும் போகக் கூடாது. அது 15,000 வோல்ட் வரை தரும். நியான் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன்தான் அதைத் தொட வேண்டும். தெருக்காரர்கள் செய்ய வேறு வேலை நிறைய இருக்கிறது: படம் தேடுவது, துடைப்பது, சாரத்துக்குக் காவல் இருப்பது. வசூல் கணக்கை வாராவாரம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்டினோம். கேட்காமலேயே பணம் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம், பலகை யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டட உரிமையாளருக்கா, உணவகம் நடத்தியவருக்கா? எங்கள் வேலை நான்கு மாதம் நின்றது இந்த ஒரு கேள்வியால்தான்.

பலகையின் முன்பக்கம், பின்பக்கம், ஒரு போல்ட் ஓட்டை, மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். எனாமலா பெயிண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.