அடியில்லாப் பைக்கும் அளவு உண்டு

அன்புள்ள அக்கா,

மொரீஷியஸின் கியூர்பிப்பில் நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் அது. கதையை நடத்தி, விதிக்குத் தீர்ப்பு சொல்லும் கேம் மாஸ்டர் நான்தான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நண்பனின் கதாபாத்திரத்துக்கு மாயப் பை ஒன்று கொடுத்தேன். என்னிடம் இருப்பது ஆங்கில விதிப் புத்தகம், அதில் ‘பேக் ஆஃப் ஹோல்டிங்’. அவனிடம் இருப்பது பிரெஞ்சு, அதில் ‘சாக் சான் ஃபோன்’, அதாவது அடியில்லாத பை. போன வாரம் வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் முழுவதையும் பைக்குள் விடுகிறேன் என்றான். பைக்கு அளவு இருக்கிறது, முடியாது என்றேன். “பேரே அடியில்லாத பை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டு எழுந்து போய்விட்டான். என் தீர்ப்பு தவறா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தீர்ப்பு சரி. சொன்ன நேரம்தான் சரியில்லை.

2014ஆம் ஆண்டு விதிப்படி அந்தப் பை 500 பவுண்டு எடையும் 64 கன அடிப் பொருளும் தாங்கும். அதாவது ஏறக்குறைய 227 கிலோ. அதற்கு மேல் போனால் கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வேறு உலகத்தில் சிதறிவிடும். பிரெஞ்சுப் புத்தகத்திலும் பெயருக்குக் கீழே அளவு போட்டிருக்கும். ஆனால் நம் ஊரில் மேஜையில் கிரியோலில் பேசி ஆடும்போது பெயர்தான் வாயில் புழங்குகிறது, கீழே உள்ள பத்தியை யாரும் படிப்பதில்லை. நான்கு மாதம் நீங்களும் எடை பார்க்கவில்லை. அப்போது அவன் மனதில் அந்தப் பைக்கு அடி இல்லை என்பதுதான் விதி. அவன் போட்ட திட்டம் அந்த விதியை நம்பிப் போட்டது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ரோஸ் ஹில்லில் எங்கள் குழுவில் ஒரு பெண்ணிடம் ‘இம்மூவபிள் ராட்’ இருந்தது. பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கும் கோல், 8,000 பவுண்டு வரை தாங்கும். துரத்தி வந்த ராட்சசனைத் தடுக்க அவள் அதைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினாள். நான் தயார் செய்திருந்த சண்டை வீணாகிறதே என்று, ராட்சசன் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான் என்றேன். அதை அசைக்க வலிமைச் சோதனையில், அதாவது இருபது பக்கப் பகடையில் விழும் எண்ணோடு வலிமைக் கூட்டையும் சேர்த்தால், 30 வர வேண்டும். வந்தது ஹில் ஜயன்ட், அவனுக்கு வலிமைக் கூட்டு 5. பகடையில் 20 விழுந்தாலும் 25தான். அவளுக்கு இந்தக் கணக்கு தெரியும். எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அந்தக் கோலை அவள் எடுக்கவே இல்லை, ஆட்டம் முடியும்வரை அது அவள் தாளில் வெறும் எழுத்தாகக் கிடந்தது. கொடுத்த பொருளைக் கதையில் ஒரு திருடன் கொண்டுபோனால் ஆட்டக்காரர் துரத்திப் பிடிப்பார். கேம் மாஸ்டரின் தீர்ப்பு கொண்டுபோனால் அவரால் என்ன செய்ய முடியும்?

அதற்காக ஏரியை அப்படியே பைக்குள் விட்டுவிடச் சொல்லவில்லை. நம் கோயில்களில் திரௌபதி அம்மனைக் கும்பிடுகிறோமே, அவள் கையில் இருந்த அட்சய பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவள் சாப்பிட்டு முடித்துவிட்டால் பாத்திரம் தராது. இது எல்லோருக்கும் முன்பே தெரிந்த நிபந்தனை. சாப்பிட்ட பிறகு துர்வாசர் சீடர்களோடு வந்து நிற்கிறார். கண்ணன் நினைத்திருந்தால் பாத்திரத்தை மறுபடி சுரக்க வைத்திருக்கலாம். அவன் நிபந்தனையில் கை வைக்கவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைத் தேடி எடுத்து உண்டான், வந்தவர்கள் வயிறு நிறைந்தது. நான் தீர்ப்பு சொல்லத் தடுமாறும்போதெல்லாம் இந்தப் பருக்கையைத்தான் தேடுகிறேன். விதி அப்படியே நிற்க வேண்டும், அதற்குள் ஒரு வழியும் கிடைக்க வேண்டும்.

உங்கள் சுரங்கத்திலும் அது இருக்கிறது. 227 கிலோ என்றால் 227 லிட்டர் தண்ணீர், பெரிய டிரம் ஒன்றுக்குச் சற்று மேல். பையை உள்பக்கம் வெளியே வரும்படி கவிழ்த்தால் எல்லாம் கொட்டிவிடும், அப்புறம் திருப்பிவிட்டு மறுபடி நிரப்பலாம். சுரங்க அறையில் 20,000 லிட்டர் நிற்கிறது என்று வையுங்கள். 88 முதல் 89 தடவை இறைக்க வேண்டும். நிரப்ப ஒரு சுற்று, கவிழ்க்க ஒரு சுற்று, சுற்றுக்கு ஆறு விநாடி. சுமார் 18 நிமிடம் ஆகிறது, கொட்டப் போய்வரும் நேரம் தனி. அதற்குள் தண்ணீர் ஏறுகிறதா, இருட்டில் இன்னொன்று நகர்கிறதா என்பதெல்லாம் உங்கள் கையில். அவனுடைய யோசனையும் வீணாகாது.

இனிமேல் மாயப் பொருள் கொடுக்கும் அன்றைக்கே ஒரு சின்ன அட்டையில் அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் தமிழில் எழுதி, கீழே கிரியோலிலும் ஒரு வரி எழுதுகிறேன். புத்தகத்தில் இல்லாத தீர்ப்பு சொன்னால் அதையும் அதே அட்டையில் சேர்க்கிறேன். உங்கள் எதிரி மந்திரவாதியிடம் அதே பை இருந்தால் அவனுக்கும் 227 கிலோதான்.

நண்பன் வீட்டுக்கு நீங்களே போங்கள். முன்பே சொல்லியிருக்க வேண்டியது என் கடமை என்று அவனிடம் சொல்லுங்கள். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து அந்தப் பத்தியைச் சேர்ந்து படியுங்கள். சனிக்கிழமை சுரங்கத்தில் விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். எத்தனை தடவை இறைத்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா