ஈறு விலகினால் அண்ணத்தில் வெட்டாமல் சரிசெய்ய முடியுமா?

மேல்வரிசையில் ஈறு ஏறிப்போய் வேர் தெரிகிறது, அண்ணத்தில் சதை எடுத்துத் தைக்கச் சொல்கிறார்கள், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஜான் சாவ் உருவாக்கி, 2012-இல் ஆய்விதழில் வெளியிட்ட பின்ஹோல் முறை. மரத்துப்போக ஊசி போட்டு, வேருக்கு மேலே, ஈறும் உதடும் சேரும் மடிப்புப் பக்கமாக 2, 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போடுவார்கள். அதன் வழியே வளைந்த கருவியை நுழைத்து, எலும்போடு ஒட்டியிருக்கும் ஈறுகளை மெல்ல நெகிழ்த்துவார்கள். மடித்துவிட்ட சட்டைக் கையை இழுத்துவிடுவதுபோல ஈறு கீழே இறங்கி வேரை மூடும். அப்புறம் அதே துளை வழியாகக் கொலாஜன் என்ற புரதத்தாலான கீற்றுகளைச் செருகி, இறங்கிய ஈறு நழுவாமல் நிறுத்துவார்கள். தையல் கிடையாது. ஒரே நாளில் பல பற்களுக்குச் செய்யலாம்.

ஆனால் எல்லோருக்கும் இது சரிவராது. ஈறு ரொம்ப மெல்லியதாக இருந்தால், அண்ணத்துச் சதையை ஒட்டுவதே பலம் என்பேன். பற்களுக்கு இடையே எலும்பு கரைந்திருந்தால் எந்த முறையிலும் வேர் முழுசாக மூடுவது கடினம். சீழோ ரத்தக்கசிவோ இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பவரானால் இன்றே நிறுத்துங்கள். மூடிய ஈறு அதனாலேயே மறுபடி விலகும்.