வாசகர் கேள்வி - பதில்: பள்ளிவாசல் கோவிலானபோது எந்தச் சுவர் திறந்தது?

மேலப்பாளையம் வாசகி: ஸ்பெயினின் டொலேடோ நகரில் மூர்கள் (அந்நாட்டை ஆண்ட முஸ்லிம்கள்) கட்டிய சிறிய பள்ளிவாசல் ஒன்று பிற்பாடு கிறிஸ்தவக் கோவிலாயிற்று என்று மகளின் புத்தகத்தில் பார்த்தேன். எங்கள் ஊரில் மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாடம்) மேற்குச் சுவரில் இருக்கிறது. அங்கே எந்தச் சுவர்? கோவிலாக்கியபோது அதையே பீடமாக்கினார்களா?

இல்லை. அந்தக் கட்டடத்தின் கதையே அதில்தான் இருக்கிறது. அதன் பழைய பெயர் பாப் அல்-மர்தூம் பள்ளிவாசல். இன்று கிறிஸ்தோ தெ லா லூஸ். திருநெல்வேலியிலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கே சாய்ந்தது. டொலேடோவுக்கோ மக்கா கிழக்கே. கணக்குப்படி நேர் கிழக்கிலிருந்து 13 பாகை அளவே தெற்கே திரும்ப வேண்டும். ஆனால் அந்நாளைய ஸ்பானியப் பள்ளிவாசல்கள் பலவும் இன்னும் தெற்கே திரும்பியிருக்கும். இங்கேயும் கிப்லா சுவர் தென்கிழக்கில்.

கட்டிய காலத்தைக் கட்டடமே சொல்கிறது. முகப்பில் செங்கல்லையே எழுத்தாக நிறுத்திக் கூஃபி என்ற அரபு வரிவடிவில் பதித்திருக்கிறார்கள்: அஹ்மத் இப்னு ஹதீதி தம் சொந்தச் செலவில் கட்டுவித்தது, கட்டடக் கலைஞர் மூசா இப்னு அலி, முடிந்தது ஹிஜ்ரி 390 முஹர்ரம். அதாவது 999 டிசம்பருக்கும் 1000 ஜனவரிக்கும் இடையே. பக்கத்துக்கு 8 மீட்டர் அளவே உள்ள சதுரம். நம் ஊரில் தெருமுனைத் தைக்கா அளவுதான். நடுவே நான்கு தூண்கள், அவற்றால் பிரிந்த ஒன்பது கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு கவிகை (குவிமாடம்). தலையை அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். விலா எலும்புபோல ஓடும் வளைவுகள் ஒரு கட்டத்தில் வெட்டிக்கொள்வதுபோல மறு கட்டத்தில் வெட்டிக்கொள்வதில்லை. ஒன்பதும் ஒன்பது விதம். நடுக்கட்டம் மட்டும் உயர்ந்து நிற்கும்.

1085இல் கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ டொலேடோவைப் பிடித்தார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடம் புனித யோவான் மாவீரர் சபை என்ற போர்வீரத் துறவிகளிடம் வந்து, கோவிலாக மாறியது. பீடம் சூரியன் உதிக்கும் பக்கம் இருக்க வேண்டும் என்பது அன்றைய திருச்சபை வழக்கம். அதற்காக அவர்கள் மிஹ்ராப் சுவரை எடுத்துக்கொள்ளவில்லை; அதை அடுத்த வடகிழக்குப் பக்கத்தைத் திறந்து, அங்கே அரைவட்டமாக ஒரு பீட அறையைச் சேர்த்தார்கள். தொழுகைக்கு ஒரு பக்கம் பார்த்த கட்டடம், திருப்பலிக்குக் கால்வட்டம் திரும்பிவிட்டது. நான்கு தூணும் ஒன்பது கட்டமும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே அமைப்பு என்பதால், இந்தத் திருப்பத்துக்கு ஒரு தூணைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை. சேர்த்த பகுதியும் செங்கல்தான், அடுக்கடுக்கான குருட்டு வளைவுகளோடு (திறப்பில்லாமல் சுவரில் பதிந்தவை). ஆட்சி மாறியும் கொத்தனார் மரபு மாறவில்லை. முதேஹர் பாணி என்று இதைத்தான் சொல்கிறார்கள். மாற்றிக் கட்டியதில் இவ்வளவு பக்குவம் காட்டிய கட்டடங்கள் குறைவு என்பது எங்கள் கருத்து.

பாளையங்கோட்டை, கட்டட ஒப்பந்தக்காரர்: மூர்களின் லாட வளைவை (குதிரை லாடம்போல அடியில் குறுகுவது) ஒரு வீட்டு வாசலுக்குக் கேட்கிறார்கள். அகலம் 4 அடி. அளவு எப்படி எடுப்பது? சென்டரிங் எப்படி?

ஸ்பெயினின் கோர்டோபா நகரை ஆண்ட கலீஃபாக்கள் காலத்து விகிதத்தைப் பிடியுங்கள்: வட்டத்தின் மையம், வளைவு தொடங்கும் மட்டத்துக்கு மேலே ஆரத்தில் பாதி உயரத்தில் நிற்கும். 4 அடி அகலத்துக்கு ஆரம் 2 அடி. ஆகவே மையம் 1 அடி மேலே, உச்சி 3 அடி மேலே. தொடங்கும் மட்டத்தில் திறப்பு 3 அடி 5½ அங்குலமாகக் குறுகும். பக்கத்துக்கு 3¼ அங்குலம் மூக்கு நீட்டும். கீழே நிலைச்சுவரை 4 அடிக்கே இறக்குவதானால், அந்த மூக்கைத் தாங்கச் சுவருக்குள் ஆழமாகப் புதைந்த கல் ஒன்று இரு பக்கமும் வேண்டும். வெறும் பூச்சு வேலையில் மூக்கை இழுத்தால் முதல் இடியிலேயே உதிரும்.

முதல் ஒரு அடிக்குச் சென்டரிங் தேவையே இல்லை. அங்கே வளைவு திறப்புக்குள் சாயவில்லை, விலகிப் போகிறது. செங்கல்லைப் படுக்கை வரிசையாகவே வைத்து, ஒவ்வொரு வரிசையையும் வட்ட மையத்தில் அடித்த ஆணியில் கட்டிய நூலுக்குச் சரிபார்த்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். பலர் தவறுவது இங்கேதான். அடியிலிருந்தே எல்லாச் செங்கல்லையும் மையத்தை நோக்கித் திருப்பினால் கீழ்வரிசைகள் சுவரோடு சேராது, சாந்து மூட்டு முக்கோணமாகத் தடித்துப்போகும், விரிசல் அதில்தான் விழும். கோர்டோபா கொத்தர்கள் மேலே உள்ள ஆப்புக் கற்களைக்கூட வட்ட மையத்துக்குத் திருப்பவில்லை. தொடங்கும் மட்டத்தின் நடுப்புள்ளிக்குத் திருப்பினார்கள். பார்வைக்கு அந்த விரிவு எங்கிருந்து வருகிறது என்றால் இதிலிருந்துதான்.

மையத்துக்கு மேலே உள்ள அரைவட்டத்துக்குச் சென்டரிங் அடியுங்கள். அதை ஒரே துண்டாக அடிக்காதீர்கள். 4 அடிச் சட்டம் 3 அடி 5½ அங்குலக் கழுத்து வழியே இறங்காது. இரண்டு பாதியாகச் செய்து நடுவில் ஆப்பு வைத்தால், ஆப்பைத் தளர்த்தியதும் பாதிகள் உள்ளே நெருங்கி, கழற்ற வரும். தோள் இரண்டிலும் சுவரை ஏற்றி எடை கொடுத்த பிறகே கழற்ற வேண்டும்.

காயல்பட்டினம் வாசகர்: எங்கள் பழைய பள்ளிகளில் கல்தூண்களின் மேல் நேரே உத்தரம். கோர்டோபா பெரிய பள்ளிவாசலில் மட்டும் தூணுக்கு மேல் இரண்டடுக்கு வளைவு ஏன்?

தூண்கள் குட்டையாக இருந்ததால். 785-இல் கோர்டோபாவின் அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் அதைக் கட்டத் தொடங்கியபோது ரோமானியரும் அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்களும் கட்டிய கட்டடங்களிலிருந்து கிடைத்த தூண்களையே பயன்படுத்தினார்கள். அவற்றின் மேல் ஓரடுக்கு வளைவு வைத்தால் அவ்வளவு பெரிய கூடத்தில் கூரை தலையை அழுத்தும். அதனால் தூணின் தலைமேல் ஒரு செவ்வகக் கால் எழுப்பி, அதன்மேல் மேல்வளைவு. கீழ் லாட வளைவு எடை தாங்குவதில்லை. தூண்கள் ஆடாமல் இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. மேல் அரைவட்ட வளைவுதான் சுவரைத் தாங்குகிறது. அந்தச் சுவரின் உச்சியில் மழைநீர் ஓடும் கால்வாய். அந்த அமைப்பு கீழே மெலிந்து மேலே தடித்திருப்பதன் காரணம் அதுவும்தான். சிவப்பு வெள்ளைப் பட்டைகள் செங்கல்லும் கல்லும் மாறி மாறி வருவதால் அமைந்தவை.

1236இல் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் நகரைப் பிடித்த பிறகும், கூடத்தைப் பெரிதாக வெட்டாமல் பல தலைமுறை கோவிலாகப் புழங்கினார்கள். 1523இல்தான் கட்டடக் கலைஞர் எர்னான் ருயிஸ் நடுவில் தூண்களை எடுத்துவிட்டு உயர்ந்த பேராலயத்தை எழுப்பத் தொடங்கினார். வேலைப்பாடு உயர்ந்ததுதான். ஆனால் எங்கே நின்றாலும் தூண்வரிசை முடிவில்லாமல் ஓடும் அந்தக் கூடத்தின் உயிரே அங்கே அறுபட்டது. இன்று மிஞ்சியவை 856 தூண்கள்.

கடையநல்லூர் வாசகர்: மிஹ்ராப் அப்படியே இருக்கும் கோவில் உண்டா?

போர்ச்சுகலில் மெர்த்தோலா ஊர்க் கோவில். 1238இல் சந்தியாகு மாவீரர் சபை பிடித்தது. பெரிய பீடத்துக்குப் பின்னால் மிஹ்ராப் இன்றும் இருக்கிறது. லாட வளைவு வாசல்களும் தப்பின. டொலேடோவுக்கு நேர்மாறாக, இங்கே பீடமும் மிஹ்ராபும் ஒரே பக்கம்.

தென்காசி வாசகி: வயதான அம்மாவோடு ஸ்பெயின் போகிறோம். எதெல்லாம் பார்க்க முடியும்? அங்கே தொழலாமா?

டொலேடோ, மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். ஊர் குன்றின் மேல் இருக்கிறது, தெருக்களும் ஏற்றம். அம்மாவுக்கு டாக்சி வையுங்கள். பழைய பள்ளிவாசல் இப்போது வழிபாடில்லாத காட்சிக்கூடம். கோர்டோபாவில் திருப்பலி நடக்கிறது. இஸ்லாமியத் தொழுகைக்கு அனுமதியில்லை, காவலர்கள் தடுப்பார்கள். செவில் பேராலயத்தின் மணிக்கோபுரமான கிரால்டா, 12ஆம் நூற்றாண்டு மினாரா. உச்சிக்குப் படிக்கட்டு கிடையாது, 35 சாய்தளங்கள்; கடைசியில் மட்டும் சில படிகள். முழங்கால் வலி இருந்தாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நிதானமாக ஏறலாம்.