முதுகில் மறுபடியும் நீர் எடுக்க வேண்டுமா?

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறோம். என் 6 வயது மகனுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி, காலையில் வாந்தி. முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, பாக்டீரியா இல்லை என்றார்கள். பூஞ்சையா என்று பார்க்க மறுபடியும் எடுக்க வேண்டுமாம். ரத்தத்திலேயே பார்க்க முடியாதா? ஊசி பட்டுக் கால் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சம்மதியுங்கள் அம்மா. தண்டுவடம் இந்த வயதில் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கும் கீழே, நரம்பு இழைகள் நீரில் மிதக்கிற இடத்தில். எடுத்த நீரை உடம்பு அன்றைக்கே சுரந்து நிரப்பிவிடும். மாறுகண், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், மயக்கம் போன்றவை இருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள்.

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைக்கு ரத்தத்திலும் ஆன்டிஜன், அதாவது பூஞ்சை உதிர்க்கிற பொருள், இருக்கிறதா என்று பட்டைச் சோதனையில் பார்க்கலாம். ஆனால் அதில் நெகட்டிவ் வந்தால் மூளை உறையில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதுகு நீரில் அதே பட்டைச் சோதனை 10 நிமிடத்தில் பதில் தரும். கேண்டிடா போன்ற மற்றப் பூஞ்சைகளை அது காட்டாது, கல்ச்சர், அதாவது தட்டில் வளர்த்துப் பார்ப்பது, வேண்டும்.

முதல் தடவை பூஞ்சை கண்ணில் படாமல் தப்பிப்போவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். 1 மில்லியில் எல்லாச் சோதனையும் செய்தால் பூஞ்சைக்கு மிஞ்சுவது சில சொட்டு. பூஞ்சைக்கென்றே 3 முதல் 5 மில்லி கொடுத்தால் நல்லது. அதை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிகிற மண்டியைத்தான் சோதிக்க வேண்டும். ஒரு சொட்டு மண்டியில் ஒரு சொட்டு இந்தியா இங்க் என்ற கருப்பு மை கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கருப்புக்கு நடுவே பூஞ்சை பளிச்சென்று வெள்ளை வளையத்தோடு நிற்கும். வெள்ளணுவும் காற்றுக்குமிழும் இதேபோல் ஏமாற்றும் என்பதால், மொட்டு விட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். இங்க் நெகட்டிவ் என்றாலும் விட்டுவிடக் கூடாது.

சீட்டில் 'பூஞ்சைக் கல்ச்சர்' என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எழுதாவிட்டால் பாக்டீரியாவுக்கு வைக்கிற தட்டை இரண்டு மூன்று நாளில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பூஞ்சைக்கு 4 வாரம் வரை வைத்திருந்துதான் இல்லை என்று முடிக்க வேண்டும்.

நீரில் உள்ள வெள்ளணு எண்ணிக்கையை ராமநாதபுரத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் அணுக்கள் சிதைந்துவிடும். சர்க்கரையும் அங்கேயே பார்க்கட்டும், ஒப்பிட ரத்தச் சர்க்கரையோடு சேர்த்து. மதுரைக்கு அனுப்புகிற கல்ச்சர் குப்பியை மீனுக்கு வைப்பதுபோல் ஐஸில் வைக்காதீர்கள். குளிர் சில கிருமிகளைக் கொன்றுவிடும். அறை வெப்பம் போதும். அதற்காக வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடவும் போகக் கூடாது.

காசநோயும் இதே அறிகுறிகளோடு வரும். அதனால் அதே நீரில் சிபிநாட் என்ற காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனையும் கேளுங்கள். எச்.ஐ.வி. சோதனை கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தும் எத்தனை நாள் என்பதும் அதைப் பொறுத்து மாறும். நீர் எடுக்கும்போதே அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். கிரிப்டோகாக்கஸில் அது ஏறிவிடும். கொஞ்சம் நீரை வடித்தாலே பிள்ளையின் தலைவலி தணியும்.

பட்டைச் சோதனை பாசிட்டிவ் என்றால் கல்ச்சருக்குக் காத்திராமல் அன்றே ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்குவார்கள். இதற்கிடையில் பிள்ளை எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ வலிப்பு வந்தாலோ, நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.