ஒரே ஒருவர் வாழும் மோனோவை எப்படி 'ஊர்' ஆகும்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிய பாய்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது மோனோவை. 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1. அங்கே 'ஊர்' என்பது ஆள் எண்ணிக்கை அல்ல, சட்டப்படி பதிவான உள்ளாட்சி. கூட்டு வங்கிக் கணக்கு மாதிரிதான்: மற்றவர்கள் விலகி ஒருவரே மிஞ்சினாலும், மூடும்வரை கணக்கு கணக்குதான்.

1900களின் தொடக்கத்தில் ரயில் பாதை வந்தபோது உருவான ஊர் இது. 1930-இல் 123 பேர் இருந்தார்கள். அப்புறம் இயந்திரங்கள் வர, பத்துப் பேர் பார்த்த வயல் வேலைக்கு ஒருவர் போதும் என்றாகிவிட்டது. இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். கடை, பள்ளி, அஞ்சலகம் ஒவ்வொன்றாக மூடின. 2000-இல் மிஞ்சியது ஒரு தம்பதி. 2004-இல் கணவர் இறந்தார்.

மனைவியே மேயர், எழுத்தர், பொருளாளர், மதுக்கடைக்காரர். தன் கடை உரிமத்துக்குத் தானே விண்ணப்பித்து, மேயராகத் தானே ஒப்புதல் தருவார். ஊரின் நான்கு தெருவிளக்குகளுக்கு மாநில நிதி பெற, ஆண்டுதோறும் சாலைத் திட்டமும் போட வேண்டும். கணவர் சேர்த்த சுமார் 5,000 புத்தகங்கள் ஒரு சின்னக் கொட்டகையில் நூலகமாக இருக்கின்றன. எனக்கு மேயர் பதவியைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

2020 கணக்கெடுப்பு 2 பேர் என்றதும், யாரோ குடிவந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். அப்படி யாரும் வரவில்லை. தனிநபர் விவரம் வெளியே தெரியாமலிருக்க, கணக்கெடுப்புத் துறையே சிறு ஊர்களின் எண்களைக் கொஞ்சம் மாற்றி வெளியிடுகிறது.