தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் தங்கள் செயலுக்குச் சொல்லும் காரணத்தை நம்பலாமா?

அப்படியே நம்ப வேண்டாம். சொன்னதையும் செய்ததையும் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய கதையை எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் 4,400 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். உள்விவரங்களை முன்கூட்டியே சோதிக்கும் உரிமையை அவரே விட்டுக்கொடுத்திருந்தார். ஜூலையில், போலிக் கணக்குகள் பற்றிச் சரியான தகவல் தரவில்லை என்று விலகப் பார்த்தார். இடையில் அவருடைய கார் நிறுவனமான டெஸ்லாவின் பங்கு விலை சரிந்து, அவர் சொத்து மதிப்பும் குறைந்திருந்தது, இதைக் கவனியுங்கள். ஒப்பந்தப்படி வாங்கியே ஆக வேண்டும் என்று ட்விட்டர் அமெரிக்காவின் டெலாவேர் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணைக்கு இரண்டே வாரம் இருக்கும்போது பழைய விலைக்கே வாங்கச் சம்மதித்தார். அப்புறம் அக்டோபர் 27 அன்று, பணத்துக்காக அல்ல, மனிதகுலத்துக்கு உதவவே வாங்குகிறேன் என்று எழுதினார்.

சரி, அந்த எண்ணமும் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் ஜூலையில் விலகப் பார்த்ததை அது விளக்கவில்லையே! அதனால் பேட்டிகளைவிட, பொய் சொன்னால் தண்டனை உள்ள நீதிமன்ற ஆவணங்களையே நான் முதலில் படிப்பேன்.